மணி அடிக்காத சனிக்கிழமை

சேசு மரி சூசை
மடம்
20 பிப்ரவரி 2025

அன்புத் தங்கை ஆஷ்லினுக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் சுகம். அம்மாவின் முழங்கால் இப்போது மாடிப்படி ஏற விடுகிறதா? அப்பா இன்னும் காலையில் செய்தித்தாளோடு சண்டை போடுகிறாரா?

உன் கடிதத்தை மதர் பிரித்துப் படித்துவிட்டுத்தான் தந்தார்கள். இங்கிருந்து போவதும் அப்படித்தான். நான் இந்த மதிலுக்குள் வந்த இரண்டு வருடத்தில் அது பழகிவிட்டது. தொலைபேசி இல்லாததும் பழகிவிட்டது. ஷெரி இல்லாததுதான் பழகவில்லை. நாயை நினைத்து அழுகிற நவகன்னியை இந்த மடம் பார்த்ததே இல்லையாம். சமையலறையில் என்னை வைத்துச் சிரிக்கிறார்கள்.

"இன்னொரு தரம் குட்டி போட்டா சேதராப்பட்டு பேக்டரி வாட்ச்மேன்கிட்ட குடுத்துடுவேன்" என்று அப்பா சொன்னதாக எழுதியிருந்தாய். அவர் சொன்னால் செய்துவிடுவார். அதற்குள் அவளுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்துவிடு, ஆஷ்லின். நானே செய்துவிட்டு வந்திருக்க வேண்டும்.

எனக்கு மணி அடிக்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள். காலை ஆறு, உச்சி நேரம், மாலை ஆறு. கயிற்றை இழுக்கும்போதெல்லாம் அவள் ஞாபகம்தான். குட்டியாக இருந்தபோது நம் கோயில் மணி அடித்ததும் வெளியே கூட்டிப்போய்ப் பழக்கினேன் இல்லையா, பிறகு மணி கேட்டால்தான் ஒன்றுக்குப் போவாள். இன்னும் அப்படித்தானா?

டிசம்பர் எட்டாம் தேதி எனக்குத் துறவற வாழ்வின் முதல் வார்த்தைப்பாடு. வீட்டார் வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து என்னோடு பேசலாம். வரும்போது அவளையும் காரில் கொண்டு வா. அதற்கு மேல் நான் எதுவும் கேட்கப் போவதில்லை.

தவக்காலம் முழுக்க, சாம்பல் புதனிலிருந்து பாஸ்கா வரை, இங்கே கடிதம் வராது, போகாது. அதற்குள் ஒரு வரி எழுது.

உன்னைத் தினமும் பெயர் சொல்லி நினைக்கும்,
ஸ்டெல்லாமேரி


குருசுக்குப்பம்
1 மார்ச் 2025

அன்புள்ள அக்கா,

எல்லோரும் சுகம். அம்மா ஒரு படிக்கு ஒரு தரம் மாதாவைக் கூப்பிட்டபடி மாடி ஏறிவிடுகிறாள். அப்பா செய்தித்தாளை விட்டுவிட்டு இப்போது தொலைக்காட்சியோடு சண்டை போடுகிறார்.

ஆபரேஷனுக்கு நான் பொறுப்பு. லாஸ்பேட்டையில் எங்கள் கல்லூரி நூலகத்துக்குப் பக்கத்துத் தெருவில் டாக்டர் அரிகிருஷ்ணன் என்று ஒருவர் இருக்கிறார். கல்லூரி முதல்வர் வீட்டுப் பூனைகளுக்கெல்லாம் அவர்தான். தேர்வு நேரம் என்பதால் இப்போது எனக்கு விடுப்பு கிடைக்காது. ஏப்ரலில் சேர்ந்தாற்போல இரண்டு நாள் வருகிறது, அப்போது முடித்துவிடுகிறேன்.

ஷெரிக்கு இன்னும் மணிதான். நேற்று மாலை ஒலிபெருக்கியில் ஏதோ கோளாறு, மணி தாமதமாக அடித்தது. வாசலில் நின்று கோயில் பக்கம் பார்த்து ஒரு தடவை குரைத்தாள். "மணி அடிக்கிற கோயில்புள்ளைக்கு இவதான் மேலதிகாரி" என்றார் அப்பா.

டிசம்பருக்குக் கட்டாயம் கொண்டு வருகிறேன். உன் அறையில் இரவு குளிருமா? போர்வை போதுமா? நீ எழுதுவதே இல்லை.

அன்புடன்,
ஆஷ்லின்


சேசு மரி சூசை
மடம்
21 ஏப்ரல் 2025

அன்பு ஆஷ்லின்,

உயிர்ப்பு விழா வாழ்த்துகள்! ஒன்றரை மாதம் கழித்துப் பேனா எடுக்கிறேன். போர்வை போதும்.

பெரிய வியாழன் பூசையில் கடைசியாக அடித்துவிட்டுக் கயிற்றைச் சுருட்டி ஆணியில் மாட்டினேன். பிறகு பாஸ்கா இரவு வரை மணி அடிக்கக் கூடாது, மரக்கட்டைதான் தட்டுவார்கள். கைக்கு வேலை இல்லை. பெரிய வெள்ளியன்று சும்மா உட்கார்ந்திருந்தபோது திடீரென்று ஷெரி ஞாபகம் வந்தது. நம் கோயிலிலும் மணி அடிக்காதே!

நம் வீட்டுக்கு வந்த முதல் வருடம் அந்த நாட்களில் உச்சிவெயில் வரை கேட்டருகிலேயே நின்றாள். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் கடற்கரைச் சுவர் வரைக்கும் கூட்டிப்போய் எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டுவேன். உடனே ஒன்றுக்குப் போய்விடுவாள். நீங்கள் எல்லோரும் கோயிலில் இருப்பீர்கள், உங்களுக்குத் தெரிந்திருக்காது. தட்டைப் பற்றி உன்னிடம் சொல்லாமலே வந்துவிட்டேன். தவக்காலத்தில் எழுதவும் வழியில்லை. நான் வந்த பிறகு ஒவ்வொரு வருடமும் அந்த நாட்களை எப்படிச் சமாளித்தாளோ பாவம். அடுத்த வருடத்துக்கு ஞாபகம் வைத்துக்கொள்.

அம்மாவிடம் நான் சிரித்த முகமாக இருக்கிறேன் என்று சொல்.

ஸ்டெல்லா அக்கா


குருசுக்குப்பம்
24 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்கா,

பாஸ்கா வாழ்த்துகள். வீட்டில் அனைவரும் சுகம். அம்மா உனக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

விடுமுறையில் ஷெரிக்கு ஆபரேஷன் முடிந்தது. தையல் நன்றாக இருக்கிறது என்கிறார் டாக்டர். கழுத்தில் பிளாஸ்டிக் வளையம் மாட்டியிருப்பதால் கதவு நிலையில் எல்லாம் இடித்துக்கொள்கிறாள். அப்பா அவளுக்கு "ஒலிபெருக்கி" என்று பெயர் வைத்திருக்கிறார்.

கொஞ்சம் சோர்வாக இருக்கிறாள். மீன் தலைகூட வேண்டாம் என்கிறாள். உட்காரும்போது பாதியில் நின்று, யோசித்து, பிறகு உட்காருகிறாள். மயக்க மருந்து தெளிய நாள் ஆகுமாம்.

உன் கடிதம் இன்னும் வரவில்லை. நீ எழுதியிருப்பாய் என்று தெரியும்.

ஆஷ்லின்


குருசுக்குப்பம்
12 மே 2025

அன்புள்ள அக்கா,

அம்மாவும் அப்பாவும் சுகம். உன் பாஸ்கா கடிதம் வந்தது. தட்டைப் பற்றி எழுதியிருந்தாய். படித்தேன்.

இதை எப்படி எழுதினாலும் உனக்கு ஒரே மாதிரிதான் இருக்கும், அதனால் நேராக எழுதுகிறேன். ஷெரிக்கு உடம்பு சரியில்லை. வாந்தி எடுத்தாள். இடது விலாவுக்குக் கீழே தொட்டால் கையைக் கவ்வ வந்தாள், என் கையை. மறுபடி டாக்டரிடம் தூக்கிப் போனோம். ஸ்கேன் எடுத்தார். திரையில் சாம்பல் நிறத்துக்கு நடுவே கறுப்பாக ஒரு பெரிய வட்டம். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"இது அவளோட கிட்னிம்மா. தண்ணி கட்டி வீங்கியிருக்கு."

"எதனால?"

"என்னாலதான். கர்ப்பப்பையைக் கட்டின நூல்ல, கிட்னிலேருந்து மூத்திரப்பைக்கு வர்ற கொழாயும் சேந்து மாட்டிக்கிச்சு. அந்தப் பக்கம் ஊறற மூத்திரம் கீழ எறங்க வழியில்ல."

"அவுத்து விட்ருங்க."

"வாரக் கணக்குல அடச்சிருக்கும்மா. அவுத்தாலும் அந்த கிட்னி பொழைக்காது. மெட்ராஸ்ல என் ப்ரொபஸரக் கேட்டுட்டேன். எடுத்துடச் சொல்றாரு. இன்னொண்ணு இருக்கில்ல, அது தாங்கும்."

கத்தலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவரே அழுதுவிடுவார் போல இருந்தது. அவர் அழுதால் ஷெரிக்கு யார் வைத்தியம் பார்ப்பது?

பிறகு என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

ஷெரி மேசைமேல் படுத்து என் சட்டைப் பொத்தானை நக்கிக்கொண்டிருந்தாள்.

எங்களுக்காக வேண்டிக்கொள்.
ஆஷ்லின்


சேசு மரி சூசை
மடம்
25 மே 2025

ஆஷ்லின்,

எனக்குச் சுகத்துக்குக் குறைவில்லை. உன் கடிதத்தைத் தரும்போது மதர் "உக்காந்து படி" என்றார்கள்.

என்னால் வர முடியாது. பேச முடியாது. இதை எழுதுவதற்கே ஞாயிறு வரை காத்திருந்தேன். இது உன் கைக்கு வருவதற்குள் அவளை இன்னொரு தரம் அறுத்திருப்பார்கள்.

டாக்டர் என்ன கேட்டார்? ஆபரேஷன் எந்த நாளில் நடந்தது? எனக்குத் தெரிய வேண்டும். யார்மீதும் கோபப்பட அல்ல. இங்கே எனக்கு அவளைப் பற்றித் தெரிந்துகொள்வதைத் தவிர வேறு எதுவும் செய்ய முடியாது, அதனால்.

அவள் படுத்தால் முதுகுப் பக்கம் பழைய போர்வையைச் சுருட்டி வை. சாய ஏதாவது இருந்தால்தான் தூங்குவாள்.

ஸ்டெல்லா


குருசுக்குப்பம்
15 ஜூன் 2025

அன்புள்ள அக்கா,

முதலில் நல்ல செய்தி: பிழைத்துக்கொண்டாள். இடது சிறுநீரகத்தை எடுத்துவிட்டார்கள். டாக்டர் உதவிக்கு ஒரு பெரிய டாக்டரையும் வரவழைத்திருந்தார். மயக்கம் தெளியும்போது காற்றில் நடப்பதுபோல் நான்கு கால்களையும் அசைத்தாள்.

போர்வையைச் சுருட்டி வைத்தேன். சாய்ந்து தூங்குகிறாள்.

அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. நாற்காலியை அவள் பக்கத்தில் போட்டு, தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்க்கிறார். சேதராப்பட்டுப் பேச்சே வீட்டில் இல்லை.

இங்கே வெயில் கொளுத்துகிறது. அங்கே மலைக்காற்று இருக்கும். அம்மாவின் முழங்காலுக்குப் புது எண்ணெய் வாங்கியிருக்கிறோம். நான் ஒரு நல்ல புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறேன், பாதியில் நிற்கிறது.

ஆஷ்லின்


குருசுக்குப்பம்
20 ஜூலை 2025

என் மக ஸ்டெல்லாமேரிக்கு அம்மா நிர்மலா எழுதற கடுதாசி.

உன் பொறந்தநாளுக்கு பூசை குடுத்திருக்கேன். எனக்கு அழகா எழுத வராது, ஆஷ்லின் எழுதறாப்பல எதிர்பாக்காத. ஒடம்ப பாத்துக்கோ. அங்க சோறு வேளைக்குப் போடறாங்களா, இல்ல சும்மா ஜெபம் மட்டுந்தானா?

ஷெரி எழுந்து நடக்குது. ஒங்கப்பா அத திட்டிகினே ஊட்டி விடறாரு. "ஒரு கிட்னிய வெச்சிகினு இன்னாடி இவ்ளோ திமிரு"ன்னு கேக்கறாரு. அது இவரு கையத்தான் தேடுது.

எந்த நாளுன்னு கேட்டியாமே. ஆஷ்லின் சொல்லலியா? பெரிய சனிக்கிழமதான். அவளுக்கு அன்னிக்குத்தான் லீவு. காலைல ஒண்ணுக்கு வுட்டுட்டுதான் கொண்டாரணும்னு டாக்டரு சொல்லி வெச்சிருந்தாரு. எங்க போச்சி? மணி ஏது அன்னிக்கு? இவ கயிறு புடிச்சிகினு நின்னா நின்னா, அது கோயிலு பக்கமே பாத்துகினு நின்னுச்சி. ஆட்டோக்காரன் ஆரன் அடிச்சிகினே இருக்கான். சரி போவட்டும்னு தூக்கினு பூட்டோம்.

மூத்திரப்பை நெறஞ்சி மேல தூக்கிகிச்சாம். அதுலதான் கொழாயும் எடம் மாறி நூல்ல மாட்டிகிச்சாம். "காலைல போச்சா"ன்னு டாக்டரு அப்பறமா கேட்டாரு, இவ வாயத் தொறக்கல. பைய அமுக்கி வெளியேத்திட்டுதான் கத்தி வெக்கணும், அன்னிக்கு வுட்டுட்டேன், என் தப்புதான்னு அந்த மனுசனே என்கிட்ட சொன்னாரு.

அப்பறம்தான் உன் லெட்டரு வந்துச்சி, தட்டு தட்டினா போவும்னு. அத படிச்சிட்டு மாடிக்குப் போனவ சோத்துக்குக்கூட எறங்கல. ஒன்கிட்ட சொல்லவேணாம்னு எனக்கு கண்டிசன் போட்டா. நான் சொல்லல, எழுதறேன். நீயும் பெத்த பொண்ணுதான, ஒனக்கு மட்டும் எதுக்கு மறைக்கணும்?

மாதா தொணை.
அம்மா


குருசுக்குப்பம்
14 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்கா,

மே மாதத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு கடிதமும் இல்லை. மடத்துக்கு எழுதினால் பதில் உண்டா இல்லையா என்றுகூடத் தெரியாமல்தான் எழுத வேண்டியிருக்கிறது. நீ சுகமா?

அம்மா உனக்குக் கடிதம் போட்டாளாம். நேற்றுத்தான் சொன்னாள். அதில் என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை. அவள் முகத்திலேயே தெரிந்தது.

அந்தச் சனிக்கிழமையன்று ஷெரி ஏன் ஒன்றுக்குப் போகவில்லை என்று எனக்குத் தெரியாது. போன வருடங்களில் அந்த நேரம் நாங்கள் கோயிலில் இருந்தோம், யாரும் கவனிக்கவில்லை. நாய் பிடிவாதம் என்று நினைத்தேன். உன் கடிதம் வந்த பிறகுதான் தெரிந்தது. அதை உன்னிடம் சொன்னால், அங்கே யாரிடமும் பேச முடியாமல் அதை வைத்துக்கொண்டு நீ என்ன செய்வாய்? அதனால் விட்டுவிட்டேன்.

இப்போது வேறு செய்தி. மிச்சமிருந்த சிறுநீரகமும் தளர்கிறது. ஏற்கெனவே அது அவ்வளவு பலமாக இல்லையாம், முதலில் பார்த்திருக்க வேண்டியது என்கிறார் டாக்டர். அவர் மருத்துவமனைக்கு வரச் சொல்வதில்லை, அவரே வீட்டுக்கு வந்து கழுத்துத் தோலுக்கடியில் சலைன் ஏற்றுகிறார். அம்மா அவருக்குக் காபி கொடுக்கிறாள். அவர் ஆறவிட்டுப் போய்விடுகிறார்.

ஷெரி வாளி வாளியாகத் தண்ணீர் குடிக்கிறாள். வீடெங்கும் போகிறாள், கூடத்தில், அடுப்படியில், படுத்த இடத்தில். மணி அடிக்கும்போது காதை மட்டும் தூக்குகிறாள், அதற்குள் கீழே நனைந்திருக்கும். எழுந்து தள்ளிப் போய்ச் சுவரைப் பார்த்து நிற்கிறாள். நாங்கள் யாரும் திட்டுவதில்லை. அவளுக்கு அது போதவில்லை.

கோபமாக இருந்தாலும் எழுது.

ஆஷ்லின்


சேசு மரி சூசை
மடம்
4 அக்டோபர் 2025

அன்பு ஆஷ்லின்,

கோபம் இல்லை. இரண்டு முறை எழுதினேன். மதரிடம் கொடுக்க முடியவில்லை, கிழித்துவிட்டேன்.

அம்மாவின் கடிதத்தைப் படித்த நாள் மாலை, மணி அடிக்கும் வேலையிலிருந்து என்னை மாற்றச் சொல்லிக் கேட்டேன். காரணம் கேட்டார்கள். சொன்னேன். நாயைப் பற்றிச் சொல்லும்போது எனக்கே சிறுபிள்ளைத்தனமாக இருந்தது. மதர் சிரிக்கவில்லை. "வேற யாருக்கும்மா இங்க கை தூக்க முடியுது?" என்று மட்டும் கேட்டார்கள். உண்மைதான். மற்றவர்கள் எல்லோரும் வயதானவர்கள். ஆறு மணிக்கு யாராவது அடித்தாக வேண்டும். அடிக்கிறேன்.

விளையாட்டுக்குப் பழக்கினேன். அவள் குட்டியாக இருந்தபோது எல்லோரும் பார்த்துச் சிரித்தார்கள், எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தச் சனிக்கிழமை காலை நீ அவளைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாய். அந்த நேரம் இங்கே நானும் சும்மாதான் நின்றிருப்பேன், கயிறு ஆணியில் மாட்டியிருக்கும்.

டிசம்பரில் அவளைக் கொண்டு வர முடியுமா? முடியாவிட்டால் முடியாது என்றே எழுது. இனிமேல் எனக்காக எதையும் விட்டுவிட்டு எழுதாதே.

டாக்டரிடம் காபியைக் குடித்துவிட்டுப் போகச் சொல்.

ஸ்டெல்லா


குருசுக்குப்பம்
14 டிசம்பர் 2025

அன்புள்ள அக்கா,

திருவருகைக் காலத்திலும் உங்களுக்குக் கடிதம் தர மாட்டார்களாம். அது முடியும் வரை இது மதரின் மேசையில் இருக்கும், கிறிஸ்துமஸுக்குத்தான் உன் கைக்கு வரும். அதுவரை அவள் உனக்கு இருப்பாள். அதை மாற்ற எனக்கு வழி தெரியவில்லை.

ஷெரி வியாழக்கிழமை மத்தியானம் போய்விட்டாள். அப்பாவின் நாற்காலிக்கு அடியில். டாக்டர் வந்து பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். காபியைக் குடித்தார். அப்பாவே பின்பக்கம் பப்பாளி மரத்தடியில் குழி வெட்டினார், யாரையும் மண்வெட்டியைத் தொட விடவில்லை.

நீ ஒன்றும் விடாதே என்று எழுதியிருந்தாய். அதனால் எட்டாம் தேதியைப் பற்றி எழுதுகிறேன்.

நாங்கள் நடுவழியில் திரும்பிவிடலாமா என்று யோசித்தோம். பின்சீட்டில் ரப்பர் விரிப்பு போட்டிருந்தோம், ஷெரி அம்மா மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். வழி முழுக்க நனைத்துக்கொண்டே வந்தாள். அம்மா புதுப் புடவையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மடத்து வாசலில், மிருகங்களுக்கு உள்ளே அனுமதி இல்லை என்றார்கள். அப்பா வாதாடினார். "இதுக்காகத்தான் அவ்ளோ தூரம் வந்துருக்கோம் சிஸ்டர்." வாசல் காக்கும் கன்னி தலையைக் குனிந்துகொண்டார்கள், கதவு திறக்கவில்லை. அப்பா காரிலேயே அவளோடு இருந்துவிட்டார். தன் மகளின் வார்த்தைப்பாட்டை அவர் பார்க்கவில்லை. அதைத் தானாக உன்னிடம் சொல்ல மாட்டார்.

சாயங்காலம் கம்பிக்கு அந்தப் பக்கம் நீ வந்து உட்கார்ந்ததும் முதலில் கேட்டது, "எழுந்து நிக்கறாளா?" என்றுதான். நான் "நிக்கல" என்றேன். நீ ஜன்னலைப் பார்த்தாய். அதில் உங்கள் தோட்டம்தான் தெரிந்தது, சாலை தெரியாது. பிறகு அம்மாவிடம் முழங்காலைப் பற்றி விசாரித்தாய். அப்புறம் கடிகாரத்தைப் பார்த்து, "மணிக்கு நேரமாச்சு" என்று எழுந்து போய்விட்டாய். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்மாவுக்கு வருத்தம். எனக்கு இல்லை.

நாங்கள் வெளியே வந்தபோது இருட்ட ஆரம்பித்திருந்தது. அப்பா காற்றுக்காகக் கார்க் கதவுகளைத் திறந்து வைத்து, ஒரு காலை வெளியே நீட்டி உட்கார்ந்திருந்தார். ஷெரி பின்சீட்டில் கண் மூடிக் கிடந்தாள். அப்போது நீ அடிக்க ஆரம்பித்தாய். முதல் மூன்று அடி. இடைவெளி. காதைத் தூக்கினாள். அடுத்த மூன்று. தலையைத் தூக்கினாள். "இரு, இரு" என்றார் அப்பா, யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. முன்னங்கால்கள் இரண்டும் சீட்டிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்தன. நான் தூக்கப் போனேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவளே இறங்கினாள். பின்பக்கம் இரண்டு தடவை மடங்கியது. சாலையைக் கடந்து உங்கள் மதிலருகே போனாள், மோந்து பார்த்தாள், பிடிக்கவில்லை, இரண்டடி தள்ளிப் போனாள். நீ தொடர்ச்சியாக அடிக்கும் கடைசி மணி வந்தது. அப்போதுதான் உட்கார்ந்தாள்.

நிறைய நேரம் போனாள், அக்கா. வழியெல்லாம் தானாகக் கசிந்ததே, அப்படி இல்லை. பழையபடி, காதைப் பின்னுக்கு மடித்து, யாரையும் பார்க்காமல். ஈரம் மதில் ஓரமாகவே சாலை வரை ஓடியது.

முடித்துவிட்டு, பின்னங்காலால் ஒரு தடவை மண்ணைத் தள்ளினாள். மணி நின்றிருந்தது. மதிலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம் நீ கயிற்றை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்திருப்பாய்.

அம்மாவும் அப்பாவும் சுகம்.

உன் தங்கை,
ஆஷ்லின்